சீனியர் ரீடிங்

பிப்ரவரி 6, 2025, வியாழன்

இன்று லேபில் ஒரு சிறிய தவறு செய்தேன். ப்யூரெட் என்ற நீண்ட அளவுக் குழாயில் காரக் கரைசலை ஊற்றிவிட்டு, அதன் வாயில் வைத்த புனலை எடுக்க மறந்துவிட்டேன். புனலில் ஒட்டியிருக்கும் துளி சோதனையின் நடுவில் உள்ளே இறங்கினால் அளவு பிசகும் என்று கெமிஸ்ட்ரி எடுக்கும் மங்கை மேடம் முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். தெரிந்தும் மறந்தேன்.

அதனால்தான் அளவு தப்பாக வந்தது என்று முதலில் நினைத்தேன். குடுவையில் இருபது மில்லி அமிலம், அதில் இரண்டு சொட்டு பினாப்தலீன். மேலே ப்யூரெட்டிலிருந்து காரக் கரைசல் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். அமிலம் முழுக்கத் தீர்ந்ததும் நிறமில்லாத நீர் வெளிர் ரோஜா நிறமாகும். அங்கே நிறுத்தி, எவ்வளவு இறங்கியது என்று எழுத வேண்டும். பத்தொன்பது புள்ளி எட்டில் வர வேண்டிய நிறம் எனக்குப் பத்தைத் தொடும் முன்பே வந்துவிட்டது.

புனலை எடுத்துவிட்டு மறுபடி செய்தேன். அதே இடம்தான். ஒரு துளி பாதி அளவை விழுங்காது. அமிலத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டைத் தப்பாகப் பிடித்தேனா, குடுவையைச் சரியாகக் கழுவவில்லையா என்று நின்றுகொண்டிருந்தபோது சௌமியா வந்து தோளில் இடித்தாள். நெட்டுக்குப்பத்துப் பெண். பகலில் திருவொற்றியூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இந்த மாலைக் கல்லூரியில் எனக்கு இருக்கும் ஒரே நெருங்கிய தோழி.

"யசோ, இன்னும் இன்னா பண்ணிகினு கீற? எண்ணூர் பஸ்ஸு பூட்ச்சுன்னா நீயா வந்து வுடுவ?"

"பத்துலயே பிங்க் வந்துட்ச்சுடி."

"பத்தா? கண்ணாடிய மாத்து. குரூப்புல போட்டுக்கீறாங்க பாரு, பத்தொம்போது புள்ளி எட்டு. எழுதிட்டு வா."

"உனக்கு எவ்ளோ வந்துது?"

"எனக்கா? நான் ப்யூரெட்ட கழுவி வெச்சேன். அதுவே பெருசு."

சீனியர் ரீடிங் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு சோதனைக்கும் முந்தைய பேட்ச் சீனியர்கள் விட்டுப்போன ஒரு எண். முன்பு கண்ணாடி அலமாரியின் கதவுக்குப் பின்னால் எழுதியிருந்தார்களாம். இப்போது வாட்ஸ்ஆப்பில் இருக்கிறது. வேலை முடிந்து பசியோடு வருகிறவர்கள், ஒரு பஸ் விட்டால் வீடு போக முடியாதவர்கள். யாரும் இதைத் திருட்டாக நினைப்பதில்லை.

என் ரெகார்டிலும் பத்தொன்பது புள்ளி எட்டு என்றே எழுதினேன். மங்கை மேடம் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்து, எல்லோருடையதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓடினார். போன வருடத்திலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் இரண்டு வகுப்புகளை அவர்தான் பார்க்கிறார்.

பிப்ரவரி 7, வெள்ளி

கன்டெய்னர் யார்டில் என் வேலை வாசலில் நின்று சீல் நம்பரைப் பதிவது. லாரி வந்ததும் இறங்கி, கன்டெய்னர் கதவில் மாட்டியிருக்கும் சீலைக் கண்ணால் பார்த்து, நம்பரை ஏற்ற வேண்டும். டிரைவர் நீட்டுகிற சீட்டைப் பார்த்து எழுதினால் வேலை போய்விடும். என் முன்னால் இருந்தவர் அப்படித்தான் போனார்.

மூன்றாவது லாரியின் சீலைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நேற்றைய எண் மறுபடி மனதில் வந்தது. பாதியிலேயே நிறம் மாறினால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். காரம் இரண்டு மடங்கு கெட்டியாக இருக்கிறது, அல்லது அமிலத்தில் பாதி தண்ணீர். காரத்தைக் கெட்டியாக்கி யாருக்கு என்ன லாபம்? அமிலத்தில் தண்ணீர் ஊற்றினால் லாபம் உண்டு. மிச்சப்படும் அமிலம் எங்கோ போகும்.

லேபில் கரைசல் கலந்து வைப்பவர் ரஷீது பாய். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர், லேப் உதவியாளர். சாவி அவரிடம்தான் இருக்கிறது. இன்று வகுப்பு முடிந்து வரும்போது, அவர் சைக்கிள் கேரியரில் வெள்ளை கேன் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதன்மேல் துண்டைப் போட்டார். அல்லது வியர்வை துடைத்த துண்டை அங்கே வைத்தார். எது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

யார்டில் சீக்கிரம் விட்டார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடந்தும், வகுப்புக்கு நெடுநேரம் முன்பே கல்லூரிக்கு வந்துவிட்டேன். லேப் கதவு திறந்திருந்தது. ரஷீது பாய் அமிலப் பாட்டிலைச் சாய்த்துப் பாதியை வேறொரு பாட்டிலுக்கு மாற்றினார். பிறகு இரண்டிலும் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினார். அதே வெள்ளை கேன்.

"இன்னா பாய், தண்ணி ஊத்துறீங்க?"

அவர் திடுக்கிட்டார். அது என் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஊத்தாம? கடைல வாங்குன ஆசிட்ட அப்படியேவா குடுப்பாங்க? கை வெந்துபூடும்மா."

"அது ஏற்கெனவே கலந்து வெச்சதுன்னு சீட்டு ஒட்டியிருக்கே."

"நீ கெமிஸ்ட்ரி படிக்க வந்தியா, சிஐடி வேலைக்கு வந்தியா? போம்மா, போய் டீ குடி."

பேச்சை மாற்றிவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

சௌமியாவிடம் மட்டும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன்.

"பாய் ஆசிட்ட வித்து மாத்தூர்ல மனை வாங்கிட்டாரா? நான்கூட ஏதோ அப்பாவின்னு நெனச்சேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வகுப்பு முடிவதற்குள் குரூப்பில் யாரோ 'ஆசிட் பாய்' என்று ஒரு படம் போட்டுவிட்டார்கள். நான் சொன்னது சந்தேகம். படத்தில் அது தீர்ப்பாகிவிட்டது.

பிப்ரவரி 13, வியாழன்

ஜெகதீசன் சார் கூப்பிட்டு அனுப்பினார். மாலைக் கல்லூரிக்கு அவர்தான் பொறுப்பாளர். பகல் கல்லூரிக்கு அரசு உதவி வருகிறது. மாலைக் கல்லூரி எங்கள் கட்டணத்தில் மட்டும் ஓடுகிறது. அதனால் அவர் அறையில் ஏசி ஓடி நான் பார்த்ததில்லை. ஃபேன்கூட ஒன்றாம் எண்ணில்தான் சுற்றியது.

"உக்காரும்மா. ரஷீது கேன் எடுத்துட்டுப் போனதை நீ பார்த்தியாமே?"

"கேன் பார்த்தேன் சார். உள்ள இன்னா இருந்துதுன்னு பாக்கல."

"போதும். பார்த்ததை ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. உன் பேர் வெளிய வராது."

இவ்வளவு அன்பாக அவர் யாரிடமும் பேசிக் கேட்டதில்லை. ரஷீது பாய்மேல் இருந்த என் சந்தேகம் அந்த நிமிடத்தில் மேசையின் மறுபக்கம் போனது.

"எழுதிக் குடுத்தா அவர இன்னா சார் பண்ணுவீங்க?"

"அடுத்த வருஷம் எப்படியும் லேபுக்கு ஆள் தேவைப்படாது. புகார் இருந்தா அனுப்பறது சுலபம். செய்முறை எல்லாம் வீடியோவா வருது. பரீட்சைக்கு முன்னாடி மட்டும் ஒரு நாள் லேப் திறப்போம். வர்ற புதன்கிழமை காலேஜ் கமிட்டியில வைக்கப் போறேன்."

லேப் வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பாடத்தை எடுத்தேன். மணலியில், எண்ணூரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதலில் கையில் ப்யூரெட்டைத்தான் கொடுப்பார்கள். வீடியோ பார்த்தேன் என்று அங்கே சொல்ல முடியாது.

"லேப் வேணும் சார்."

"உங்களுக்குத் தேவையே இல்லம்மா. பேட்ச் ரெகார்டெல்லாம் பார்த்தேன். எல்லாருக்கும் சரியான ரீடிங். பகல் பசங்களே இப்படிக் கொண்டு வர்றதில்ல. இவ்வளவு நல்லா செய்யறவங்களுக்கு வாராவாரம் லேப் எதுக்கு?" பிறகு குரல் தாழ்ந்தது. "மூணு வருஷமா நான் ஃபீஸ் ஏத்தல. ஏத்தினா உங்கள்ல பாதிப் பேர் நின்னுடுவீங்க. ஏத்தாம நடத்தணும்னா எதையாவது குறைக்கணும். எதைக் குறைக்கட்டும், நீயே சொல்லு."

அவர் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. பொய் எங்கள் ரெகார்டில் இருந்தது. புகாரைச் செவ்வாய்க்குள் தருவதாகச் சொல்லி நழுவி வந்தேன்.

நேராக மங்கை மேடத்திடம் போனேன். அவர் இரண்டு அறைகளுக்கும் நடுவில் வராந்தாவில் நின்று பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், பாய் ஆசிட்ல தண்ணி ஊத்துறாரு."

"நான்தான் ஊத்தச் சொன்னேன்."

எதற்கு என்று கேட்டேன்.

"கெமிக்கலுக்குக் குடுக்கறதைப் பாதியாக்கிட்டாங்க. அமிலத்தையும் பாதியாக்கி, காரத்தையும் பாதியாக்கினா ரீடிங் மாறாது. கத்துக்கறதும் மாறாது. இதுல தப்பில்ல யசோதரா. சாக்கடைல கொட்டறதும் குறையுது. வெளிய சொன்னா, தண்ணி ஊத்தி ஏமாத்தறாங்கன்னு பேசுவீங்கன்னுதான் பாய்கிட்ட சொல்லாதீங்கன்னேன்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் மேடம் போன வாரம் பத்துல வந்துது?"

பன்னைக் கடித்தவர் அப்படியே நிறுத்தினார். என்னை இழுத்துக்கொண்டு லேபுக்குள் போனார்.

"பாய், போன வியாழக்கிழமை காரம் நீங்க கலந்ததா?"

"இல்ல மேடம். தீந்து பூட்ச்சு. பகல் காலேஜ்ல மிச்சம் வெச்சிருந்தாங்க, அத்த எடுத்து ஊத்திட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

"அது முழு அளவுக் காரம் பாய்."

"ஆமா... அய்யோ."

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார். பாதி அமிலத்துக்கு முழுக் காரம். அன்று யார் செய்திருந்தாலும் பத்தில்தான் வந்திருக்க வேண்டும். ஒருத்தர் விடாமல் எல்லோரும் பத்தொன்பது புள்ளி எட்டு என்று எழுதியிருந்தோம். அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"வேற ஒருத்தர்கூடவா செய்யல?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. "நானும் ஒண்ணைக்கூடப் பார்க்கல."

நான் கேனைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. ரஷீது பாய் முகம் சுருங்கிவிட்டது.

"அதான் பேஜாரா? சாயங்காலம் கரன்ட் செலவுன்னு தண்ணி காய்ச்சி வடிக்கிற மெஷினை நிறுத்திட்டாங்கம்மா. மச்சான் பேட்டரி கடை வெச்சுக்கீறான். அங்கேருந்து டிஸ்டில் வாட்டர் கொண்டாறேன். காலி கேன் போகும், ரொம்பி வரும். இதுக்குப் போய் ஆசிட் பாயின்னு பேர் வெச்சுட்டீங்க. எம் பொண்ணு அந்தப் படத்தைக் காட்டுறா."

மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பிக் குடுவைகளைக் கழுவத் தொடங்கினார். அவரை முழுக்க நம்பிவிட்டேனா என்றால், அதுவும் இல்லை. பேட்டரி கடையை நான் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காததை எழுதிக் கொடுக்கப் போவதும் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

வகுப்பு தொடங்கும் முன் எல்லோரிடமும் சொன்னேன். லேபை மூடப் போகிறார்கள், காரணம் நம் ரீடிங், உண்மையைச் சாரிடம் சொல்லிவிடலாம். இவ்வளவுதான் சொன்னேன்.

பின் பெஞ்சிலிருந்து தௌசீஃப் எழுந்தான். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், எப்போதும் தூங்கி வழிகிறவன். இப்போது நன்றாக விழித்திருந்தான்.

"சூப்பர் யக்கா. நாங்க எல்லாம் ஃப்ராடு, நீ மட்டும் காந்தி. இன்டர்னல் மார்க்குல கை வெச்சா நீ வந்து எனக்குப் பரீட்சை எழுதுவியா?"

"நானும் அதான் எழுதுனேன். என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

"அப்ப உன் மார்க்கை மட்டும் போய்க் குடு. எங்களை எதுக்கு இழுக்கற?"

சிரித்தார்கள். சௌமியாவும் சிரிப்பாள் என்று திரும்பினேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் என்னோடு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தாள். சந்தேகப்பட்டேன்: என் பேச்சை ஏற்கெனவே யாராவது சாரிடம் கொண்டுபோய்விட்டார்களா, அது இவளா என்றுகூட.

"ஏ யசோ. போன மாசம் மணலில ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். லேப் ட்ரெய்னி. உன்கிட்டகூட சொல்லல."

"ஏன்?"

"கெட்ச்சா சொல்லலாம்னு. மூணு பேரை உக்கார வெச்சாங்க. ப்யூரெட்டு, குடுவை, எல்லாம் நம்ம லேப் மாதிரியே. அடில இருக்கற குழாயத் திருப்புனா மொத்தமா ஊத்துது, இல்லன்னா வரவே மாட்டேங்குது. அந்தாளு வெளிய போனாரு. நான் பேப்பர்ல எழுதிட்டேன்."

"இன்னா எழுதுன?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "பத்தொம்போது புள்ளி எட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். அவளுக்கும் வந்தது; பாதியில் அழுகையாக மாறிவிட்டது.

"அந்தாளு வந்து பாத்துட்டு, 'இந்த நம்பர் எங்கேருந்தும்மா வந்துது?'ன்றாரு. திட்டியிருந்தாகூட தேவல. நெசமாவே தெரியாம கேட்டாரு. எங்க நைனா அன்னிக்கு வலை இழுக்கப் போவாம கம்பெனி வாசல்ல நின்னுகினு இருந்தாரு யசோ. அவர்கிட்ட, வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கன்னு சொல்ட்டேன்."

எண்ணூர் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

"திங்கக்கெழமை சார்கிட்ட நானும் வரேன்" என்றாள். "நான் பேசுறேன். நீ பேசுனா கணக்கு பாடம் மாதிரி இருக்கும்."

பிப்ரவரி 17, திங்கள்

மங்கை மேடம், சௌமியா, நான். மூவரும் போனோம். சார் என் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"எழுதிட்டியா?"

"இல்ல சார். எழுதறதுக்கு நான் ஒண்ணும் பாக்கல."

"சந்தேகம்னு போட்டுக் குடேன்."

"சந்தேகம்னு நான் போட்டாலும் படிக்கறவங்க திருட்டுன்னுதான் சார் படிப்பாங்க. ஒரு தடவை ஆயிட்ச்சு."

பிறகு சௌமியா சொன்னாள். சீனியர் ரீடிங், குரூப், மணலி, எல்லாவற்றையும் சொன்னாள். நைனா வாசலில் நின்றதை மட்டும் விட்டுவிட்டாள். மங்கை மேடம் பாதியாக்கிய கரைசலையும் அன்று நடந்த குளறுபடியையும் சொன்னார். 

"அப்போ இத்தனை நாள் லேப் நடத்தியும் நீங்க கத்துக்கல" என்றார் சார் கடைசியில். "இது என் பக்கத்து நியாயம்னு தெரியலையா? கத்துக்காத லேபுக்கு எதுக்குச் செலவு பண்ணணும்?"

நான் பயந்தது இதைத்தான். மங்கை மேடம் பதில் சொன்னார்.

"லேபைத் திறந்து வெச்சா மட்டும் யாரும் கத்துக்க மாட்டாங்க சார். பக்கத்துல நின்னு பார்க்க ஆள் வேணும். செலவு குறைக்க என்னை ரெண்டு ரூமுக்குப் போட்டீங்க. அன்னிக்கே லேப் பாதி மூடியாச்சு. மிச்சப் பாதியத்தான் இப்ப மூடறீங்க. கெமிக்கலைக் குறைங்க, நான் சமாளிக்கறேன். ஆளைக் குறைக்காதீங்க."

"ஒரே ரூம்ல ரெண்டு பேட்சையும் அடைக்க முடியாது மேடம்."

"வேற வேற நாள்ல வைங்க. நான் வரேன்."

"அந்த ஒரு நாளுக்கு உங்களுக்குக் குடுக்கணுமே."

"குடுக்கணும்" என்றார் மேடம். கண்ணை எடுக்காமல் சொன்னார்.

சார் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, எதிர்பாராமல், ஒப்புக்கொண்ட மாதிரி பேசினார். நாளை ஐந்தரைக்கு அவரே லேபில் வந்து உட்காருவார். மேடம் ஒரு புதுக் கரைசல் வைப்பார். அதன் அளவு மேடத்துக்கு மட்டும்தான் தெரியும். ஃபோன்கள் எல்லாம் வாசலில் ஒரு பெட்டியில். ரஷீது பாய் கண்ணாடிச் சாமான் எடுத்துக் கொடுப்பதோடு சரி. யார் யாருக்கு என்ன வருகிறதோ அதை எழுத வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கமிட்டிக்கு எழுதுவாராம்.

"எங்களுக்கு வரலன்னா சார்?" என்று கேட்டேன்.

"வந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

அது பதில் இல்லை. எல்லோரும் தப்பாகச் செய்தால், கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்றும் எழுதலாம், இவர்களுக்கு லேபே வீண் என்றும் எழுதலாம். இரண்டுக்கும் அதே எண்கள்தான் சாட்சி. இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதால் அவர்மேல் எனக்கு இன்னும் சந்தேகம். ஆனால் பழைய ரெகார்டை அவரிடம் விட்டுவைத்தால் நிச்சயம் எது நடக்கும் என்று தெரியும்.

வெளியே வந்ததும் நாளைய சோதனையைப் பற்றிக் குரூப்பில் போட்டேன். தௌசீஃப்தான் முதலில் எழுதினான்: 'பிப்பெட்டை வாயில உறிஞ்சணுமா, ரப்பர் பந்து வெச்சு இழுக்கணுமா? யாராச்சும் சொல்லித் தொலைங்க.'

நாளை செய்ய வேண்டியது: யார்டில் நான்கு மணிக்கு பர்மிஷன் கேட்க வேண்டும். லேபை முன்னதாகத் திறக்கும்படி ரஷீது பாயிடம் கேட்க வேண்டும். முடியாது என்றால் வராந்தாவிலேயே வெறும் தண்ணீரை வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதலில் சௌமியாவுக்கு, பிறகு தௌசீஃபுக்கு, பிறகு வருகிறவர்களுக்கு. ஐந்தரைக்கு உள்ளே போய், எனக்கு வருகிற அளவை எழுத வேண்டும்.